வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்: ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்



பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து உங்கள் கடை வாசலில் சேரும் கூட்டத்தை வருடாவருடம் பார்த்து வருகிறேன். பொறியியல் கலந்தாய்வு, கலைக் கல்லூரி விண்ணப்பம், முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, உதவித்தொகை என்று ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். சர்வர் நகராது. கடைசித் தேதி நாளையாக இருக்கும். அந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல், இரவு பத்து மணிக்கு மேலும் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். என் மாணவர்களில் பலர் கல்லூரிக்குள் நுழைந்தது உங்கள் கீபோர்டு வழியாகத்தான். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்க ஒரே ஒரு காரியம் இருக்கிறது. வந்தவருடைய வேலை முடிந்த பிறகு, அவருடைய தாளும் கோப்பும் உங்கள் கடையில் தங்கக் கூடாது.

உங்கள் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒரு நாள் சாவகாசமாகத் திறந்து பாருங்கள். ஆதார், பான், குடும்ப அட்டை, பாஸ்புக்கின் முதல் பக்கம், கரண்ட் பில், மதிப்பெண் பட்டியல், கிரயப் பத்திரம் எல்லாம் இருக்கும். இன்னும் கீழே போனால் ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட், ஒருவருடைய மாற்றுத்திறனாளி சான்று, வக்கீலுக்காகப் பிரிண்ட் எடுத்த விவாகரத்து மனு. ஒரு ஊரின் அந்தரங்கம் மொத்தமும் தாலுகா ஆபீஸில்கூட ஒரே இடத்தில் இப்படிக் குவிந்திருக்காது. தாலுகா ஆபீஸில் பீரோவுக்குப் பூட்டாவது உண்டு. உங்கள் கணினிக்குப் பாஸ்வேர்டு இருந்தாலும் அது கடைப் பையன், பகுதிநேரமாக வரும் பெண், பக்கத்துக் கடைக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது போர்டில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸ்அப் எண். 'இந்த நம்பருக்கு அனுப்பினால் பிரிண்ட் எடுத்துத் தரப்படும்.' வசதியான ஏற்பாடுதான். ஆனால் அனுப்பிய படம் அந்த போனின் கேலரியில் தானாகச் சேர்கிறது, கேலரியிலிருந்து ஆன்லைன் பேக்கப்புக்குப் போகிறது. கணினியில் வாட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்தே இருக்கிறது. மாலையில் அதே போனை வீட்டில் குழந்தை கேம் விளையாட எடுக்கிறது. திரை உடைந்தால் லாக் எண்ணையும் சொல்லி சர்வீஸ் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம். யாருமே திருடாமல், யாருக்குமே கெட்ட எண்ணம் இல்லாமல், ஒரு ஆதார் நகல் இத்தனை இடத்துக்குப் போய்விடுகிறது.

போனால் என்ன, ஆதார் எண்ணை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். என் முன்னாள் மாணவர் ஒருவரே கேட்டார். கூலித் தொழிலாளியின் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்தியைத் தமிழ்நாட்டு நாளேடுகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது. ஆதார், பான், கரண்ட் பில், ஒரு போட்டோ இவ்வளவும் சேர்ந்தால் இல்லாத கம்பெனியை இருப்பதாகக் காட்டிப் பதிவுசெய்யலாம், அதன் பெயரில் பொய் பில் போடலாம். கம்பெனி நடத்தியவன் யாரென்றே தெரியாது. நோட்டீஸ் மட்டும் சரியான முகவரிக்கு வரும், ஏனென்றால் முகவரி உண்மையானது. தோல் பதனிடும் ஆலையில் கூலிக்குப் போகும் பெண் அந்த ஆங்கிலக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் எங்கே ஓடுவார்? உங்கள் கடைக்குத்தான். 'இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க தம்பி' என்பார். அவருடைய ஆதாரும் பானும் கரண்ட் பில்லும் எந்த வழியில் வெளியே போயின என்று அவருக்குத் தெரியாது. கடன் வாங்கித் தருகிறேன் என்று வந்தவனிடம் கொடுத்ததாக இருக்கலாம். மூன்றும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும் கடையிலிருந்து போயிருக்கவும் கூடும். அந்தச் சந்தேகத்துக்கு உங்கள் கடை இடம் கொடுக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

தகவல் கசிவு என்றதும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு ஹேக்கர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதுவும் உண்மைதான். 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் பாட்கள் மூலம் யார் கேட்டாலும் கிடைக்கும் நிலையில் இருந்ததை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. பாலிசித் தாள்கள், மருத்துவ அறிக்கைகள்கூட அதில் இருந்தன. 3.1 கோடிப் பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக அந்த ஹேக்கர் சொல்லிக்கொண்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பட்டியலில் நம் பெயர் இருந்தால் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. உங்கள் கவுண்டரில் இருப்பதோ உங்கள் கைக்குள் இருக்கிறது.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் 2018 ஜனவரியில் நடந்தது. சண்டிகரிலிருந்து வரும் தி ட்ரிப்யூன் நாளிதழின் செய்தியாளர் ரச்னா கைரா, வாட்ஸ்அப்பில் தொடர்பு கிடைத்த ஒரு ஏஜெண்டுக்கு 500 ரூபாய் அனுப்பினார். பத்து நிமிடத்தில் ஒரு லாகின் வந்தது. அதில் ஆதார் எண்ணைப் போட்டால் அந்த நபரின் பெயர், முகவரி, போட்டோ, போன் எண், மின்னஞ்சல் எல்லாம் வந்தன. இன்னும் 300 ரூபாய் கொடுத்ததும் அட்டையை அச்சடிக்கும் மென்பொருளும் கிடைத்தது. கிராமங்களில் பொதுச் சேவை மையம் நடத்தியவர்கள் வரை இந்த வலை எட்டியிருக்கலாம் என்று அந்தச் செய்தி சொன்னது. ஆதார் பதிவு வேலை கையை விட்டுப் போய், வருமானமின்றி நின்றவர்கள் அவர்கள். ஆதார் ஆணையம் கசிவே இல்லை என்றது, குறைதீர்ப்புக்காக வைத்திருந்த தேடும் வசதி தவறாகப் பயன்பட்டது என்றது, கைரேகைத் தரவு பத்திரமாக இருப்பதாகச் சொன்னது. போலீஸ் புகாரில் செய்தியாளரின் பெயரே சேர்க்கப்பட்டு நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

அந்த மையக்காரர்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அவர்களும் உங்களைப் போலக் கடன் வாங்கிக் கணினி போட்டவர்கள். கமிஷன் குறைந்து, வாடகை ஏறி, வேலை நின்றுபோன நேரத்தில் ஒருவன் வந்து உன்னிடம் இருக்கும் லாகினுக்குப் பணம் தருகிறேன் என்கிறான். உங்களிடமும் யாராவது வந்திருப்பார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெயரும் போன் எண்ணும் வேண்டும், ஒரு பெயருக்கு இவ்வளவு என்று பேரம் பேசியிருப்பார்கள். முடிவு வருவதற்கு முன்பே கல்லூரிகளிலிருந்து பெற்றோருக்கு அழைப்பு வருவது எப்படி என்று என்னிடம் கேட்காத பெற்றோர் இல்லை. 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் எண்கள் 50 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை விற்கப்பட்டதை ஹிந்துஸ்தான் டைம்ஸ் எழுதியது. பெண் பார்க்க எப்படி இருக்கிறாள் என்பதைப் பொறுத்து விலை. உங்களை நம்பி எண்ணைச் சொன்ன பெண்ணுக்கு அன்று இரவிலிருந்து தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வந்தால், அவள் வீட்டில் போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள், சில வீடுகளில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பேரத்தை மறுத்து அனுப்பியவர்கள் உங்களில் நிச்சயம் இருக்கிறீர்கள். நீங்கள் காப்பாற்றியது எத்தனை பெரிய விஷயம் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து, உங்கள் மெஷின். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் ஓடும் பெரிய மெஷின்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடி, பழையதாகி, கப்பலில் வந்து ரீகண்டிஷன் செய்யப்பட்டவை என்று மெக்கானிக்குகளே சொல்வார்கள். அப்படிப்பட்ட டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றின் உள்ளே கணினியில் இருப்பதைப் போலவே ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. கண்ணாடியில் வைத்த தாளின் படம் அதில் பதிந்து நிற்கக்கூடும். 2010-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கிலிருந்து நான்கு பழைய மெஷின்களை, ஒவ்வொன்றும் சுமார் 300 டாலருக்கு வாங்கி, டிஸ்க்கைக் கழற்றி, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு படித்துப் பார்த்தது. ஒரு மெஷினில் பஃபலோ நகரப் போலீசின் பாலியல் குற்றப் பிரிவு ஆவணங்கள் இருந்தன. இன்னொன்றில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிகள் பற்றிய மருத்துவக் குறிப்புகள். அந்த நிறுவனம் 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி அரசோடு சமரசம் செய்துகொண்டது. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் சுமார் 3.44 லட்சம் பேர். அதே கிடங்கிலிருந்து வேறு நாடுகளுக்குப் போகக் கண்டெய்னர்கள் நிரம்பி நின்றதையும் அந்தச் செய்தி காட்டியது.

உங்கள் கடைக்கு வந்த மெஷினில் யாருடைய ரகசியம் இருந்ததோ! அதை நீங்கள் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் நாளில் நம் ஊர்க்காரர்களின் பத்திரமும் பாஸ்புக்கும் அதோடு போய்விடக் கூடாது. சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கிடம் இதில் டிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், விற்கும்போது அதை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய மெஷின்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. அவற்றில் தொல்லை வீணாய்ப்போன தாள்தான். இருட்டாக விழுந்த பிரிண்ட், கோணலாக விழுந்த ஆதார் எல்லாம் மூட்டையாகப் பழைய பேப்பர்காரருக்குப் போய், பஜ்ஜிக் கடையில் எண்ணெய் ஒற்றும் தாளாக வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கே நான்காகக் கிழித்தாலே போதும்.

மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மாணவர்கள் அதிகம் அடிபட்டது இங்கேதான். விண்ணப்பிக்க வரும் பிள்ளையிடம் மெயில் ஐடி இருக்காது. நீங்கள் உருவாக்கித் தருகிறீர்கள். அவசரத்தில் மீட்பு எண்ணாகக் கடை எண்ணையே கொடுத்துவிடுகிறீர்கள். எல்லோருக்கும் பெயரோடு 123 சேர்த்த ஒரே மாதிரிப் பாஸ்வேர்டு. அதை லாங் சைஸ் நோட்டில் வரிசையாக எழுதி மேசை மேல் வைத்திருக்கிறீர்கள். நான்கு வருடம் கழித்து அந்தப் பெண் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மெயில் திறக்காது, மீட்கும் ஓடிபி உங்கள் கடை எண்ணுக்கு வரும், அந்த எண் அதற்குள் மாறியிருக்கும். அதைவிடக் கொடியது, கலந்தாய்வு நடக்கும் நாட்களில் அந்த நோட்டைப் பார்த்த யாரோ ஒருவர் உள்ளே நுழைந்து கல்லூரிகளின் வரிசையை மாற்றிவிடக்கூடும் என்பது. ஒரு பிள்ளையின் நான்கு வருடமும் அந்த நோட்டில் இருக்கிறது. பாஸ்வேர்டை அவர்களையே டைப் செய்யச் சொல்லுங்கள். தடுமாறுவார்கள், இரண்டு நிமிடம் கூடப் போகும். வீட்டிலிருக்கும் ஒருவருடைய எண்ணை மீட்பு எண்ணாகப் போடுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். வேலைக்கு இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்தால், மூடும்போதே லாகினும் போய்விடும்.

ஓடிபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஓடிபி வந்துச்சாம்மா, சொல்லுங்க' என்பது உங்கள் கடைகளில் அதிகம் ஒலிக்கும் வாக்கியம். இ-சேவையில் விண்ணப்பிக்கத் தேவையான கேன் எண் பதிவதற்கும் அது வேண்டும், பிஎஃப் பணம் எடுப்பதற்கும் வேண்டும், தவிர்க்க முடியாது. ஆனால் எதற்காக வந்த எண் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுக் கேட்டால், கேட்பது யாராக இருந்தாலும் 'எதுக்கு?' என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வரும். நாளை வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் அழைக்கும்போது அந்தப் பழக்கம் காப்பாற்றும்.

கைரேகை மெஷின் வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். 2018-இல் தெலங்கானாவில் ஒரு சிம் கார்டு வியாபாரி, பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் கிடைத்த நில ஆவணங்களிலிருந்து கைரேகையையும் ஆதார் எண்ணையும் எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் முறையில் போலி ரேகை தயாரித்து, விற்பனை இலக்கை எட்டுவதற்காக ஆயிரக்கணக்கான சிம்களைப் பதிவுசெய்து பிடிபட்டார். வட மாநிலங்களில் அதே வழியில் வங்கிக் கணக்கிலிருந்து பணமே எடுத்தார்கள். உங்களிடம் பத்திரம் ஸ்கேன் செய்ய வருபவரின் தாளில் ரேகையும் எண்ணும் ஒன்றாக இருக்கும். வேறு எந்தக் கோப்பைத் தள்ளிப்போட்டாலும் இதை அன்றே அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.

'அழிச்சிட்டா நாளைக்கு வந்து திரும்பக் கேப்பாங்க சார். தொலைச்சுட்டு வந்து நிப்பாங்க. அதுக்காகத்தான் வெச்சிருக்கோம்.' இந்த விஷயத்தைப் பேசிய கடைகளிலெல்லாம் எனக்குக் கிடைத்த பதில் இது. இதில் உண்மை இருக்கிறது. மழையில் வீடு ஒழுகிச் சான்றிதழ் நனைந்துபோன குடும்பத்துக்கு உங்கள் கணினியில் கிடந்த ஸ்கேன் உயிர் கொடுத்திருக்கிறது. இது உங்கள் அக்கறையால் வந்த பழக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவருக்காக வைத்த கோப்போடு திரும்பி வராத ஆயிரம் பேரின் கோப்பும் சேர்ந்து தங்கிவிடுகிறது, ஹார்டு டிஸ்க் திருடுபோனால் எல்லோருடையதும் போகிறது. ஸ்கேன் செய்ததை அவர்களுடைய போனுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். டிஜிலாக்கர் திறந்து கொடுங்கள், அதற்கு நியாயமான கட்டணமும் வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலும் ஆதாரும் அரசிடமிருந்தே நேராக அதில் வந்து சேரும். அப்படியும் கடையில் வைத்திருக்கச் சொல்லிக் கேட்டால், யார் கேட்டாரோ அவருடையதை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டுப் பூட்டி வையுங்கள். வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடைக்கென்று தனி போன் இருக்கட்டும். அதில் மெசேஜ்கள் 24 மணி நேரத்தில் மறையும் அமைப்பைப் போட்டு, படங்கள் கேலரிக்குப் போகாமல் நிறுத்திவிட்டால் தினமும் அழிக்கும் வேலைகூடப் பெருமளவு மிச்சம்.

பழி முழுவதும் உங்கள் மேல் இல்லை. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு எச்சரிக்கை விட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், பொதுக் கணினியில் இ-ஆதார் இறக்கினால் எல்லாப் பிரதியையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. இரண்டு நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சொன்னது அத்தனையும் சரியான யோசனை. அதை வாபஸ் வாங்கியது எனக்கு இன்றுவரை வருத்தம். இ-ஆதார் கோப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் என்பது உங்களுக்கெல்லாம் மனப்பாடம். அப்படியென்றால் உங்கள் கணினியில் கிடக்கும் இ-ஆதார் பூட்டாத கோப்பு என்றே பொருள். மறைக்கப்பட்ட ஆதாரை நீங்கள் எடுத்துக் கொடுத்தாலும் பல அலுவலகங்களில் 'முழு நம்பர் தெரியணும், மூணு காப்பி கொண்டா' என்று திருப்பி அனுப்புகிறார்கள். கேட்பவர்கள் நிறுத்தாமல் நகல் குவிவது நிற்காது.

சட்டமும் இப்போது இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தக் காரியத்துக்காக வாங்கினோமோ அது முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தத் தொகை பெரிய நிறுவனங்களை மனதில் வைத்துப் போட்டது, உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் நாளை ஏதாவது நடந்தால் கம்பெனிக்கு வக்கீல் இருப்பார், உங்களுக்கு இருக்க மாட்டார். வாடிக்கையாளர் யாராவது ஏமாந்து பணத்தை இழந்து வந்து நின்றால், வேறு எதற்கும் முன்னால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைத்துக் கொடுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

இவ்வளவு பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றிய அரசு, அதற்கான பயிற்சியையும் தர வேண்டும். இ-சேவை உரிமம் தரும்போதே கோப்பை எப்படி அழிப்பது, லாகினை எப்படிக் காப்பது என்று ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். மறைக்கப்பட்ட ஆதாரை எல்லா அலுவலகங்களும் ஏற்க வேண்டும் என்று மாவட்ட அளவில் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இரண்டையும் உங்கள் சங்கத்தின் பெயரில் மனுவாக எழுதி, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் கொடுங்கள். மனுவைத் தயார்செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். கொடுக்கப் போகும் அன்று சொல்லியனுப்புங்கள், கூடவே வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கடைகளின் பழைய வாடிக்கையாளரான ஓர் ஆசிரியர்